கடை போர்டில் ஏ-யா, இ-யா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்

களியக்காவிளைக்காரன்:
அண்ணனும் நானும் சந்தைப் பக்கம் கடை திறக்கிறோம். நோட்டு, பேனா, ஜெராக்ஸ், கூடவே கொஞ்சம் சோப்பு, சீப்பு. போர்டில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ‘ஸ்டேஷனரி’ என்று எழுதச் சொன்னோம். ஆங்கிலத்தில் கடைசி ஆர், ஒய்-க்கு முன்னால் பெயிண்டர் ஏ போட்டிருக்கிறார். பாறசாலையிலிருந்து வந்த மச்சான், அது இ என்கிறார். போனில் அடித்துப் பார்த்தால் இரண்டுக்குமே சிவப்புக் கோடு வரவில்லை. யார் சொல்வது சரி?

டீச்சரக்கா:
மச்சான் சொல்வதுதான் சரி, தம்பி. ஏ போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள். செக்போஸ்ட்டில் கிடக்கிற லாரிக்குச் சொல்லலாம். காகிதம், பேனா, கவர் எல்லாம் இ போட்ட சொல். இரண்டுமே அகராதியில் இருப்பதால் போன் தப்பு காட்டாது. உச்சரிப்பும் ஒன்றுதான், காதை நம்பிப் பயனில்லை. பிள்ளைகளிடம் நான் சொல்வது இது: பேப்பர் முடிவது இ-ஆரில், கார் முடிவது ஏ-ஆரில். நீங்கள் விற்பது பேப்பர்தானே?

குழித்துறை வாசகன்:
பெயிண்டரை ரொம்பத் திட்டாதீர்கள். இரண்டும் ஒரே லத்தீன் வேரில் வந்தவை. ஊர் ஊராகச் சுமந்து விற்பவர்கள் நிறைந்த காலத்தில், ஐரோப்பாவின் பல்கலைக்கழக ஊர்களில் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் ஸ்டேஷனர். லண்டனில் அவர்களுக்கு 1403-லேயே சங்கம் இருந்தது. 1557-ல் அரச சாசனமும் கிடைத்தது. ஸ்டேஷனர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. அந்த இ-ஆர் அவரிடமிருந்து வந்தது. ஆக, உங்கள் கடையும் ஒருவகையில் ‘நிற்கிற’ கடைதான்!

பாறசாலை மச்சான்:
நான்தான் அந்த மச்சான். எழுத்து இருக்கட்டும். எங்கள் கேரளப் பக்கம் ஸ்டேஷனரி கடை என்றால் சோப்பு, பவுடர், மிட்டாய் எல்லாம் கேட்டு வருவார்கள். உங்கள் விளவங்கோடு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதானே. அங்கே இருக்கிற என் பாட்டியும் சீப்பு வாங்க ஸ்டேஷனரி கடைக்குத்தான் போவார். தமிழ் வரியில் மட்டும் ‘ஃபேன்சி’ என்றும் சேர்த்துவிடு.

களியக்காவிளைக்காரன்:
சரி, பெயிண்டர் நாளைக்கு வருகிறார். டீச்சர், பில் புத்தகத்தையும் ஏ போட்டே அச்சடித்துவிட்டோம். பத்து புத்தகம்.

டீச்சரக்கா:
அது தீரட்டும், அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். பில்லில் தொகையைத் தவிர யார் எதைப் படிக்கிறார்கள்?