புதுப்பிப்பு: பதிவு செய்த படம் உடைந்த கதை

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய கணினியில் ட்யூனர் கார்டு (டிஷ் சிக்னலைக் கணினிக்குள் வாங்கும் அட்டை) போட்டு, டிவிஹெட்எண்ட் என்ற டிவி பதிவு மென்பொருள் வழியாக டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களைப் பதிவு செய்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று. ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். இல்லை.

குற்றவாளி மொட்டை மாடியில் இருந்தது. காசிமேட்டு உப்புக்காற்று! எல்என்பி (டிஷ் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவி) கனெக்டரைக் கழற்றினால் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தது. ஒரு அங்குலம் வெட்டி, புது கனெக்டர் முறுக்கி, ரப்பர் டேப் சுற்றினேன். அப்புறம் டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் பக்கம் லேசாகத் திருப்பியதும் சிக்னல் நிமிர்ந்துவிட்டது.

பதிவானதை அம்மா ஜெல்லிஃபின் என்ற வீடியோ பார்க்கும் மென்பொருள் வழியாகப் போனிலேயே பார்க்கிறார். யூபிஎஸ்தான் இன்னும் வாங்கவில்லை. கரண்ட் போனால் பதிவும் போச்சு.