அந்தெமியோனுக்கு ‘மடற்பூவரி’: ஒரு பரிந்துரை

அன்புடையீர்,

கிரேக்க, உரோமானியக் கட்டடங்களின் பூவேலைப்பாடுகள் அனைத்தையும் ‘மலரணி’ என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம் என்னும் முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். பொதுப்பெயராக அது நன்றே. ஆனால் அந்தெமியோன், பால்மெட், அகாந்தஸ் ஆகிய மூன்று பூவேலை வகைகளுக்கும் அதையே வைத்தால், ஒரு தூணை வருணிக்கும் முதல் வரியிலேயே நாம் திணறிப்போவோம்.

ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட எரெக்தியம் கோயிலின் அயோனிக் (சுருள் தலை கொண்ட கிரேக்கப் பாணி) தூண்களைப் பாருங்கள். தூண்தலையான போதிகைக்குக் கீழே, தூணின் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை ஓடுகிறது. அதில் விசிறிபோல் விரிந்த மடல்களைக் கொண்ட ஓர் உருவும், குவிந்து எழும் ஆம்பல் உருவும் மாறிமாறி நிற்க, அடியில் சுருள் கொடிகள் அவற்றைப் பிணைக்கின்றன. விசிறி உருவே பால்மெட். பட்டை முழுவதும் அந்தெமியோன். ஆகவே முன்னதற்கு ‘மடற்பூ’ என்றும், பின்னதற்கு ‘மடற்பூவரி’ என்றும் பரிந்துரைக்கிறேன். மடற்பூ என்றதும் தாழம்பூ நினைவுக்கு வரும் என்று சிலர் மறுக்கலாம். வரட்டுமே, கல்லில் உள்ளது எந்தச் செடியின் பூவும் அன்று. இரண்டாவது உருவைத் ‘தாமரை’ என எழுதுவதைத்தான் தவிர்க்க வேண்டும்: அதன் மூலம் எகிப்தியக் கலையின் நீராம்பல், ஆம்பலையும் தாமரையையும் வேறு பிரித்தறியும் தமிழில் இக்குழப்பத்துக்கு இடமே இல்லை.

முட்செடி ஒன்றின் பெயரைத் தாங்கிய இலைவடிவமான அகாந்தஸ்தான் சிக்கலானது. கொரிந்தில் ஒரு பெண்ணின் கல்லறைமேல் ஓடு மூடி வைத்த கூடையைச் சுற்றி அச்செடி வளர்ந்திருந்ததைக் கண்டே கிரேக்கச் சிற்பி கல்லிமக்கஸ் அவ்விலைகள் சூழ்ந்த கொரிந்தியப் போதிகையை வடித்தார் என்று உரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். அழகான கதை. ஆனால், கலை வரலாற்றாளர் அலோயிஸ் ரீகல் 1893இல் வாதிட்டபடி, கல்லில் காணும் அகாந்தஸ், செடியைப் பார்த்துச் செதுக்கப்பட்டதன்று. மடற்பூவே படிப்படியாக உருமாறி அவ்வடிவம் பெற்றது. ரீகல் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆயினும் செடியின் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டதால் நாமும் ‘முள்ளியிலை’ எனலாம். கிரேக்கப் பெயரும் முள்ளிலிருந்தே பிறந்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த கழுதைமுள்ளி நம் கழிமுகங்களில் வளர்கிறது. குறுந்தொகையின் ‘அணிற்பல் அன்ன கொங்குமுதிர் முண்டகம்’ இதுவே என்பர். ‘முண்டகம்’ என்றே வைத்துவிட ஆசைதான். ஆனால் அச்சொல் தாமரையையும் குறிப்பதால், இந்த இடத்தில் அது உதவாது.

முள்ளியிலையிலிருந்து கிளம்பிச் சுருண்டு சுருண்டு படரும் உரோமானியக் கொடிவேலைக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. உரோமில் கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆரா பாசிஸ் பலிபீடத்தின் வெளிச்சுவரில், அன்னங்கள் அமர்ந்திருக்கும் அக்கீழ்ப்பகுதியைக் காணும் நம் சிற்பி எவரும் ‘கொடிக்கருக்கு’ என்றே சொல்வார். வட்டமாக விரிந்த தனிப்பூவான ரொசெட்டுக்கு ‘வட்டப்பூ’ போதும்.

இச்சொற்கள் கிரேக்கத்தோடு நின்றுவிடா. பீகாரின் இராம்பூர்வாவில் கிடைத்த அசோகர் காலத்துக் காளைப் போதிகையில், காளை நிற்கும் பலகையின் விளிம்பிலும் மடற்பூக்களும் வட்டப்பூக்களும் வரிசையாக உள்ளன. அதை வருணிப்பவருக்கும் இவை பயன்படும்.

‘மடற்பூவரி’யில் ‘வரி’ என்பது கோட்டை மட்டுமே உணர்த்துகிறது எனக் கருதுவோர் ‘மடற்பூப்பட்டிகை’ எனலாம். ஆனால் பட்டிகை நம் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் ஓர் உறுப்புக்கு ஏற்கெனவே பெயராக இருப்பதால், நான் வரியையே விரும்புகிறேன்.