மண்டபத்திலிருந்து எட்டுப் பேர், ஹம்ப்தா கணவாய்: திட்டத்தில் எது இடிக்கிறது?

கேள்வி: கடலோரம்

செப்டம்பர் இரண்டாவது வாரம் மண்டபம், உச்சிப்புளியிலிருந்து எட்டுப் பேர் இமாச்சலத்தில் ஹம்ப்தா கணவாயை நடந்து கடக்கக் கிளம்புகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் இமயமலை. ஒருவருக்கு வயது 52, பிரஷர் மாத்திரை போடுகிறார். காலையில் மணாலியில் பஸ் இறங்கி அன்றைக்கே ஜோப்ரா வழியாகச் சிக்கா முகாம். மறுநாள் பாலு கா கேரா. மூன்றாம் நாள் கணவாயைத் தாண்டி ஷியா கோரு, நாலாம் நாள் சத்ரு. கூட ஒரு உள்ளூர் வழிகாட்டி, சமையல் நாங்களே. அரிசி, கேஸ் எவ்வளவு வேண்டும்? பயிற்சிக்கு என்ன செய்வது? இந்தப் பக்கம் மேடு என்றால் கந்தமாதன பர்வதம்தான்!

மலைநடை:

முதல் நாளே இடிக்கிறது தம்பி. உங்கள் ஊர் கடல் மட்டம். மணாலி சுமார் 2,050 மீட்டர், சிக்கா 3,100. பஸ்ஸில் இரவு முழுக்கத் தூங்காமல் வந்து அன்றைக்கே 3,100-ல் படுத்தால் எட்டில் இரண்டு பேருக்காவது தலை பிளக்கும். மணாலியில் இரண்டு இரவு தங்குங்கள். 3,000-க்கு மேலே, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது பொது விதி. பாலு கா கேரா சுமார் 3,600 என்பதால் அந்த ஏற்றம் கணக்குக்குள் வருகிறது.

இதைவிட முக்கியம் மூன்றாம் நாள் காலை. கணவாய் 4,270 மீட்டர். அதைத் தாண்டி ஷியா கோரு சேர்ந்தபின் ஒருவருக்கு முடியாமல் போனால், வந்த வழியே திரும்ப முதலில் மேலே ஏறியாக வேண்டும். முன்னால் சத்ருவுக்கு இறங்கலாம், ஆனால் நடுவில் ஆறு. ஆகவே முடிவு பாலு கா கேராவிலேயே எடுக்க வேண்டியது. காலையில் தலைவலியோடு குமட்டலோ, சாப்பாடு வேண்டாம் என்பதோ சேர்ந்திருந்தால் அந்த ஆள் கணவாய் ஏறக்கூடாது. முன்வைக்கும் காலின் குதிகால் பின்காலின் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். குடித்தவர் போலத் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், துணையோடு உடனே கீழே இறக்குங்கள். "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்கிற பேச்சுதான் ஆளைக் கொல்லும்.

உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரஷர் மாத்திரை போடுபவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது, இரண்டுமே சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்துவிட்டால் உடம்பு வறண்டுவிடும். விரல் நுனி மரத்துக் குறுகுறுப்பது இந்த மாத்திரையால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுப்படி:

சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 650 கிராம் உலர்பொருள். எட்டுப் பேர், நாலு நாளோடு கையிருப்பு ஒரு நாள் சேர்த்து ஐந்து நாள், 26 கிலோ. இதை முதுகில் பிரிக்கும்போது இரண்டாம் நாள் சாமானை ஒருவரிடமும் நாலாம் நாள் சாமானை இன்னொருவரிடமும் கொடுத்தால் ஒருவர் பை சீக்கிரம் காலியாகும், மற்றவர் கடைசிவரை சுமப்பார். ஒவ்வொரு நாள் சாமானையும் எல்லோரும் பகிருங்கள்.

3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் புழுங்கல் அரிசியை எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் விதை விதையாக நிற்கும், கேஸ்தான் காலி. ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர் ஒன்று போதும். பச்சரிசி எடுங்கள், ஊரில் விடும் விசிலுக்கு மேல் இரண்டு விசில். காலைக்கு அவல், ரவை. இறால் கருவாட்டுப் பொடி தாராளமாகக் கொண்டுபோகலாம், டப்பா மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். வழிகாட்டி பாவம்.

கேஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 கிராம் கணக்கு, மொத்தம் 1,800. அதாவது 230 கிராம் டப்பா எட்டு. ரயிலிலும் விமானத்திலும் அனுமதி இல்லை, மணாலியில் வாங்குங்கள். வெறும் பியூட்டேன் டப்பா பூஜ்ய டிகிரியிலேயே படுத்துவிடும், புரொப்பேன் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். இரவில் டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்தால் காலையில் அடுப்பு மக்கர் பண்ணாது.

பாம்பன்காற்று:

தனுஷ்கோடி மணலில் நடந்தால் மூச்சுக்கும் கெண்டைக்காலுக்கும் நல்லது. ஆனால் இந்தப் பாதையில் முழங்கால் போவது கணவாய்க்கு அந்தப்பக்க இறக்கத்தில். அதற்கு மாடிப்படிதான். எட்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், பையில் தண்ணீர்ப் பாட்டில்கள். ஐந்து லிட்டரில் தொடங்கிப் பத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்காதீர்கள், இறங்கும் சுமைதான் பயிற்சியே.

ஷியா கோரு ஆறு பற்றி ஒரு எச்சரிக்கை. நமக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே உதவாது. முழங்கால் அளவுதான், ஆனால் பனி உருகி வருகிற தண்ணீர், அடியில் கல் உருளும். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடும், அதனால் விடிகாலையிலேயே கடந்துவிடுங்கள். வெறுங்கால் வேண்டாம், வார் வைத்த செருப்பு. பையின் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம்.

பருத்திப் பனியனும் கைலியும் டென்ட்டுக்குள் மட்டும். நனைந்த பருத்தி அங்கே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். படகில் போகிறவர்கள் யாராவது சாட்டிலைட் போன் இரவல் தந்தால் எடுத்துப் போகாதீர்கள், அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

கடலோரம்:

மணாலியில் இரண்டு இரவு சேர்த்துவிட்டோம். லீவில் இன்னும் ஒரு நாள் மிச்சம். அதையும் மணாலியிலேயே போட்டு மூன்று இரவாக்கலாமா?

மலைநடை:

வேண்டாம், பாலு கா கேராவில் போடுங்கள். கணவாயில் மேகம் அடைத்தால் காத்திருக்க வேண்டிய இடம் அதுதான், யாருக்காவது தலைவலி என்றாலும் தெளிய ஒரு நாள் கிடைக்கும். வானிலையும் உடம்பும் சரியாக இருந்து அந்த நாள் மிஞ்சினால் சத்ருவிலிருந்து வண்டி பிடித்துச் சந்திரதால் ஏரி பார்த்துவிட்டு அடல் சுரங்கம் வழியாகத் திரும்பலாம். வண்டிக்காரரிடம் இரண்டு தேதியையும் இப்போதே சொல்லிவையுங்கள், சத்ருவிலிருந்து போன் எடுக்காது.