உதவி: 2.8 கிலோமீட்டர் பழைய தண்ணீர்க் குழாய் மாற்ற எவ்வளவு முடியும்?

சங்கச்_செயலாளர் (வெள்ளி இரவு 9.40)
வணக்கம். திருகோணமலைக்கு வடக்கே, கடற்கரைப் பக்கக் கிராமம். எங்கள் குடிநீர்ச் சங்கத்தின் குழாய் போட்டு 25 வருசத்துக்கு மேல். மாதம் தவறாமல் எங்கேயாவது வெடிக்கிறது. 2.8 கிலோமீட்டர். முழுவதையும் மாற்ற மதிப்பீடு திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். மீட்டருக்கு எவ்வளவு போடலாம்? அவசரம்.

உவர்மலையான்
என்ன குழாய்? என்ன சைஸ்? எத்தனை வீடு? மண்ணா, கல்லா? எங்கள் மலைப் பக்கம் என்றால் ஒரு முழம் தோண்டவே பிரேக்கர் வேண்டும்.

பழைய_ஓவசியர்
தம்பி, நீர் கேட்கிறது கலியாணத்துக்கு எவ்வளவு முடியும் என்று கேட்கிற மாதிரி. வாழையிலையா, ஹோட்டலா? ஆளுக்கொரு மீட்டர் விலை கேட்டு மதிப்பீடு போட்டுப் பாதி ரோட்டில் வேலை நின்ற சங்கங்கள் எனக்குத் தெரியும். இதைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

கிண்ணியா_பிளம்பர்
குழாய் வயசை விடுங்கள். கசிவு முக்கால்வாசி சேடலில்தான், அதாவது வீட்டு இணைப்பு எடுக்கப் பெரிய குழாயில் மாட்டுகிற பட்டியில். அந்த ரப்பர் காய்ந்து பிளந்துவிடும். இரவு 2 மணிக்குத் தாங்கியில் மட்டம் பாருங்கள். பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பாருங்கள். எதைப் பூட்டினதும் மட்டம் இறங்குவது நிற்கிறதோ, கசிவு அந்தத் துண்டில்.

சங்கச்_செயலாளர் (சனி காலை 6.15)
மன்னிக்கவும். 1,700 மீட்டர் 3 அங்குல பிவிசி, மிச்சம் 2 அங்குல ஜீஐ (நாகம் பூசின இரும்புக் குழாய்). 140 வீடு. வெறும் மணல். வெட்டின ஜீஐ துண்டு ஒன்று மேசையில் கிடக்கிறது. உள்ளே செம்மண் நிறத்தில் கட்டி கட்டியாகக் கறள். என் பெருவிரல் இறுகித்தான் போகிறது.

பழைய_ஓவசியர்
அதை முதலே சொல்லியிருக்கலாம். உள்விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் போகும் தண்ணீர் ஆறில் ஒன்றாகிவிடும். பம்பை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை.

அளவைக்காரி
அண்ணா, குழாய் விலை கடையில் கேட்டால் வந்துவிடும். ஆட்கள் விடுகிறது மற்றதுகளை. 90 மில்லிமீட்டர் குழாய் என்று வைப்போம். 6 மீட்டர் நீளத்தில் 467 குழாய். அரை மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம் வெட்டினால் 1,260 கன மீட்டர் மண். குழாயைச் சுற்றிப் போட மட்டும் ஏறக்குறைய 460 கன மீட்டர் மணல், அதாவது 160 கியூப்புக்கு மேல் (ஒரு கியூப் 100 கன அடி). உங்கள் மண்ணே மணல் என்பதால் கல், சிப்பி அரித்தெடுத்து அதையே போடலாம், அந்தக் காசு மிச்சம். ஆனால் மணல் சரியும். கீழே தண்ணீர் ஊறினால் பம்ப் வைத்து இறைக்கவேண்டும். ஆடி, ஆவணியில் வெட்டுங்கள், ஐப்பசி மழைக்கு விடவேண்டாம்.

வீட்டு இணைப்பு சராசரி 8 மீட்டர் என்றாலும் 140 வீட்டுக்கு 1,120 மீட்டர் சின்னக் குழாய், 140 சேடல். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளைத் தனியாக எண்ணுங்கள், அதுதான் தார் வெட்டுக் காசு. பழைய குழாயைக் கிளறவேண்டாம். பக்கத்தில் புதியதைப் போட்டு, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதித்து, குளோரின் விட்டுக் கழுவி, வீடுகளை மாற்றின பிறகு பழையதைப் பூட்டுங்கள். கடைசியில் எதிர்பாராத செலவுக்கு 10 வீதம், வாட் 18 வீதம்.

பிஈ_பிரியன்
2026 வந்தும் பிவிசியா? பிஈ, அதாவது பொலிஎதிலீன் குழாய், சுருளாக வரும், மூட்டே குறைவு.

கிண்ணியா_பிளம்பர்
இரவு பத்து மணிக்கு வெடித்தால் ஒட்டுகிற மெஷினும் ஜெனரேட்டரும் யார் கொண்டுவருவது? நீங்களா?

பிஈ_பிரியன்
மெஷின் இல்லாமல் திருகி இறுக்குகிற கம்ப்ரெஷன் பிட்டிங் என்று ஒன்று இருக்கிறது நாநா.

கிண்ணியா_பிளம்பர்
90க்கு அது என்ன விலை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

உவர்மலையான்
பேசாமல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் லைனுக்கே மாறச் சொல்லுங்கள்.

பழைய_ஓவசியர்
மாறினாலும் ஊருக்குள் ஓடுகிறது இதே குழாய்தான். யோசித்து எழுதும்.

பிஈ_பிரியன்
ஓவசியர் ஐயா பிஈ வேலை ஒன்றாவது செய்திருக்கிறாரா?

(இதற்குப் பிறகு பதினொரு பதில்கள் இந்த ஒரு கேள்விக்கே.)

சங்கச்_செயலாளர் (திங்கள் மதியம் 1.05)
கொடுத்தாச்சு. நாநா சொன்னபடி இரவு பார்த்தோம். ஜீஐ பக்கத்து வால்வைப் பூட்டினதும் மட்டம் அசையவில்லை. அதனால் இப்போதைக்கு ஜீஐ 1,100 மீட்டரும் அதில் இணைத்த 52 வீடும் மட்டும். அளவைக்காரித் தங்கச்சிக்கு நன்றி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளை எண்ணவே மறந்திருந்தேன், 19. கூட்டத்துக்குப் போகிறேன்.

சீனக்குடா_ரவுண்
அண்ணா, மொத்தம் எவ்வளவு வந்தது? எங்களுக்கும் 1 கிலோமீட்டர் இருக்கிறது.

சீனக்குடா_ரவுண் (வியாழன்)
அண்ணா?