அந்த 0.4 சதவீதமும் உருளைக்கிழங்கும்

பழைய_தராசு:
பக்கத்து இழையில் கற்றாழை எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. “சோஷியல் மீடியாவால் பிள்ளைகள் மனநலத்துக்கு வரும் கேடு, உருளைக்கிழங்கு தின்பதால் வரும் கேட்டுக்குச் சமம், ஆய்வே சொல்லிவிட்டது” என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். கீழே ஆளாளுக்குக் கைதட்டல்.

அவர் சொல்வது ஆய்வாளர்கள் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்கா, பிரிட்டன் கணக்கெடுப்புகள் மூன்று, மொத்தம் 3,55,358 வளரிளம் பிள்ளைகள். அளந்தது என்ன? “டிஜிட்டல் தொழில்நுட்பப் பயன்பாடு”. டிவி பார்ப்பது, கேம் ஆடுவது, சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பது, சோஷியல் மீடியா எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி எடை போட்டார்கள். அந்தச் சாக்கின் எடையை ஒரு சரக்கின் எடை என்று விற்காதீர்கள்.

கற்றாழை:
வந்துட்டாரு. எண் பிடிக்கலைன்னா சாக்கைக் குறை சொல்ல வேண்டியதுதான். பிள்ளைக்குப் பிள்ளை மனநலத்துல இருக்கற வேறுபாட்டுல இது விளக்கறது அதிகபட்சம் 0.4 சதவீதம். அதே கட்டுரையில, ஒரு கணக்கெடுப்புல, கூடப் படிக்கறவங்க சீண்டி வதைக்கறதுக்கு இதைவிட 4 மடங்குக்கு மேல எதிர்மறைத் தொடர்பு. மூக்குக்கண்ணாடி போடறதுக்கே இதைவிட அதிகம். கண்ணாடியையும் தடை பண்ணலாமா தராசு சார்?

பழைய_தராசு:
0.4 சதவீதம் என்பது வர்க்கப்படுத்திய எண். வர்க்கமூலம் எடுத்தால் தொடர்புக் கெழு, அதாவது இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண், 0.06. இது ஒன்றுமே இல்லை என்கிறீர்களா? மருத்துவர்கள் 22,071 பேரிடம் நடந்த ஆஸ்பிரின் சோதனையில் கெழு 0.034தான். உங்கள் கணக்குப்படி 0.1 சதவீதம். ஆனால் மாரடைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததால் ஆஸ்பிரின் பகுதியை முன்கூட்டியே நிறுத்தி, 1988ல் முடிவை வெளியிட்டார்கள். சிறிய சதவீதத்தைக் காட்டிச் சிரிப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

கற்றாழை:
ஆஸ்பிரின் சோதனையில குலுக்கல் முறையில ரெண்டு குழு பிரிச்சாங்க. இது வெறும் கணக்கெடுப்பு. மனசு சரியில்லாத பிள்ளை போனை அதிகம் நோண்டுதா, போனை நோண்டி மனசு கெட்டுச்சான்னு இதுல தெரியாது. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கறவர் பேரு தராசு!

வழிப்போக்கன்:
ஒரு சிறு திருத்தம். ‘சதவீதம்’ அல்ல, ‘விழுக்காடு’.

கற்றாழை:
விழுக்காடுன்னு எழுதினாலும் 0.4தான் அண்ணே.

மின்மினி:
நீங்க ரெண்டு பேரும் சராசரியை வெச்சு அடிச்சுக்கறீங்க. ஆபத்து இன்பாக்ஸ்ல வருது. வயசுக்கு ஒத்த பொண்ணு மாதிரிப் பேசி, அந்தரங்கப் படம் வாங்கி, பணம் கேட்டு மிரட்டறது. பணத்துக்காக மிரட்டறதுல அதிகம் மாட்டறது 14 முதல் 17 வயசுப் பையன்கள். இதுக்கு என்ன செய்யணும்னு யாராவது எழுதினீங்களா?

பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தா அடுத்த தொகை கேட்பான். பயத்துல சாட் மெசேஜையோ கணக்கையோ அழிச்சிடக் கூடாது, அதுதான் சாட்சி. யூசர்நேமும் ப்ரொஃபைல் லிங்க்கும் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும், ஏன்னா மேல தெரியற பேரை ஒரு நிமிஷத்துல மாத்திடுவான். முதல்ல ரிப்போர்ட், அப்புறம் பிளாக். “உன் நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பறேன்”னு மிரட்டறதுக்கு அவன் வெச்சிருக்கறது ஃபாலோயர் பட்டியல்தான். அதனால கணக்கை முன்னாடியே பிரைவேட்ல வெச்சிருக்கணும். படம் எடுத்தப்ப 18 வயசுக்குக் கீழன்னா அதைத் தளங்கள்ல இருந்து நீக்க உதவற ‘டேக் இட் டவுன்’ சேவை இருக்கு. படம் போனைவிட்டு வெளிய போகாது. படத்தை அடையாளம் காட்டற ஒரு குறியீடு, அதாவது டிஜிட்டல் கைரேகை, மட்டும் போகும். படத்தை வெட்டியோ திருத்தியோ போட்டா அந்தக் கைரேகை பொருந்தாம போகலாம். அதனால கையில இருக்கற ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியா எடுக்கணும். அந்தச் சேவையில சேர்ந்திருக்கற தளங்கள்ல மட்டும்தான் வேலை செய்யும்.

பழைய_தராசு:
மின்மினி சொல்வது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் இழையின் பொருள் 0.4. அதே ஏமி ஆர்பன் 2022ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதிலும், பையன்களுக்கு 14, 15 வயதிலும், பிறகு இருபாலருக்கும் 19 வயதை ஒட்டியும் சோஷியல் மீடியா பயன்பாடு கூடினால் ஓராண்டு கழித்து வாழ்க்கைத் திருப்தி குறைவதாகக் கண்டார். எல்லா வயதையும் கலந்து சராசரி எடுத்தால் இந்த வயதுக் கட்டங்கள் மறைந்துபோகும். உளவியலாளர்கள் ஜோனதன் ஹைட்டும் ஜீன் ட்வெங்கியும் பெண் பிள்ளைகளை மட்டும், சோஷியல் மீடியாவை மட்டும் பிரித்துப் பார்த்ததில் கெழு 0.15 முதல் 0.20 வரை வந்தது. இதையெல்லாம் உங்கள் உருளைக்கிழங்குப் பதிவில் ஏன் எழுதவில்லை?

கற்றாழை:
0.20ஐ வர்க்கப்படுத்துங்க. 4 சதவீதம். மிச்சம் 96 எங்க? போன மாசம் வயசு வரம்பு இழையிலயும் இதே வேலை. கணக்குத் தப்புன்னு நான் காட்டினதும் ஆள் காணாம போயிட்டீங்க.

பழைய_தராசு:
காணாமல் போனது நானா? சோஷியல் மீடியாவில் சேர 13 வயது வரம்பு மனநல மருத்துவர்கள் வகுத்தது என்று எழுதியவர் நீங்கள். அது 1998ல் அமெரிக்கா கொண்டுவந்த, சிறுவர்களின் தகவல்களைத் திரட்டுவது பற்றிய சட்டத்தில் இருந்து வந்தது. மனநலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருத்தியதற்கு ஒரு நன்றிகூட வரவில்லை.

மின்மினி:
வயசு வரம்புன்னதும் ஒண்ணு சொல்லணும். 11 வயசுப் பிள்ளை 18 ஆனதா பிறந்த வருஷம் போட்டுச் சேர்ந்துடுது. அந்தக் கணக்குக்கு இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பர்ல அறிவிச்ச, டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான கணக்குப் பாதுகாப்பு தானா வராம போகலாம். தானா பிரைவேட் ஆகறது, தெரியாதவங்க மெசேஜைத் தடுக்கறது, ராத்திரி 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷனை நிறுத்தறது எதுவும் கிடைக்காம போகலாம். பெத்தவங்க முதல்ல பார்க்க வேண்டியது செட்டிங்ஸ்ல இருக்கற பிறந்த தேதியை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10ல இருந்து 16 வயசுக்குக் கீழ கணக்கே கூடாதுன்னு சட்டம் கொண்டுவந்ததுக்கும் பெரிய சவால் வயசைச் சரிபார்க்கறதுதான்.

கற்றாழை:
அந்தச் சட்டத்தோட அடிப்படையே ஆட்டம் காணுதுன்னுதான் சொல்றேன். 0.4.

வழிப்போக்கன்:
‘சோஷியல் மீடியா’ என்று எழுதுகிறீர்களே, ‘சமூக ஊடகம்’ என்று எழுதக் கை வராதா?

பழைய_தராசு:
வழிப்போக்கரே, கொஞ்சம் இருங்கள். கற்றாழை, கடைசியாக ஒன்று. “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்” என்று பிள்ளையையே கேட்டு நிரப்பிய படிவத்தில் இருந்து வந்ததுதான் உங்கள் எண். நேரத்தைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பிழை தொடர்பைக் குறைத்துக் காட்டக்கூடும். அதோடு, ஒரு மணி நேரம் நண்பனோடு பேசியதும், ஒரு மணி நேரம் பட்டினி கிடந்து மெலிவது பற்றிய வீடியோக்களை விழுங்கியதும் அந்தப் படிவத்தில் ஒரே ஒரு மணி நேரம். லைக் போடாவிட்டாலும் எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றாய் என்று பார்த்து அடுத்ததைத் தள்ளிவிடும் இயந்திரம் அது. நேரத்தை எண்ணியவர்கள் உள்ளே ஓடியதை எண்ணவில்லை. டிவி அந்தச் சாக்கில் இருந்ததா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கற்றாழை:
இருந்துச்சு. பிரிச்சு எடை போட்டாலும் 4 சதவீதத்தைத் தாண்டாதுன்னு உங்க ஆளுங்களே காட்டிட்டாங்க. 96க்கு நீங்க பதில் சொல்லுங்க, அப்புறம் டிவியைப் பத்திப் பேசலாம்.

மின்மினி:
ரிப்போர்ட் பண்ணியும் தளம் கண்டுக்கலைன்னா அடுத்து என்ன செய்யணும்னு எழுதவா? யாராவது படிக்கறீங்களா?

பழைய_தராசு:
மாரடைப்பு எண்ணுக்கு இன்னும் பதில் வரவில்லை கற்றாழை. காத்திருக்கிறேன்.