விழா மலரை மூடிவிட்டு மினிட் புத்தகத்தைத் திறப்போம்: இசைச் சபா ஆவணங்கள் பற்றி, புனைபெயரில் எழுதும் நால்வரின் ஒரு பகிர்வு

கீழ்ஸ்தாயி

வெளியூர் சபாக்கள் பலவும் பொன்விழா, பவள விழா என்று மலர் போடுகிற காலம் இது. அதில் வரும் 'சபா கடந்து வந்த பாதை' பெரும்பாலும் முந்தைய மலரிலிருந்து எடுத்தெழுதியதாகவே இருக்கும். வெள்ளி விழா மலரில் அச்சுப்பிழையாக ஏறிய ஆண்டு பவள விழாவில் கல்வெட்டாகிவிடும். அதனால் மலரைக் கடைசியில் பாருங்கள்.

முதல் குழப்பம் தொடங்கிய ஆண்டில்தான் வரும். முதல் கூட்டம், முதல் கச்சேரி, பதிவு ஆகிய மூன்றுக்கும் மூன்று தேதிகள் இருக்கும். சென்னை மியூசிக் அகாடமியே 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டில் கருக்கொண்டு, 1928 ஆகஸ்டில்தான் முறைப்படி தொடங்கியது. திருச்சி ரசிக ரஞ்சன சபா 1914 என்கிறோம். அந்தக் காலத்துச் சபா ஒவ்வொன்றுக்கும் 'இது எந்தத் தேதி?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. மூன்றையும் தனித்தனியாக எழுதிவிட்டால் வம்பே இல்லை.

பதிவுச் சான்றிதழை மட்டும் நம்பினால் ஏமாற வாய்ப்பு உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. அதற்கு முன் 1860 சட்டம். கணக்குத் தாக்கல் செய்யாமல் பழைய பதிவு செத்துப்போய், பிறகு புது எண் வாங்கிய சங்கங்கள் ஏராளம். கையில் இருப்பது இரண்டாம் பிறப்பின் சான்றிதழாக இருக்கலாம். பழைய எண் லெட்டர்ஹெட்டில், ரசீதுப் புத்தகத்தின் தலைப்பில், வங்கிக் கணக்கு தொடங்கிய தாளில் ஒளிந்திருக்கும். எண்ணும் ஆண்டும் கிடைத்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். எண் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால் நடக்கிற காரியமல்ல.

அடிக்கட்டை

மினிட் புத்தகத்தை, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டைப் படிக்கும்போது ஒரு தீர்மானத்தோடு நிறுத்தாதீர்கள், அடுத்த கூட்டத்தின் முதல் பத்தியையும் படியுங்கள். 'சென்ற கூட்ட நடவடிக்கைகள் உறுதி செய்யப்பட்டன' என்று இருந்து, தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் அது நின்ற தீர்மானம். 'அரங்கம் கட்டத் தீர்மானிக்கப்பட்டது' என்ற வரியை வைத்துக்கொண்டு அந்த ஆண்டே அரங்கம் கட்டியதாக எழுதிவிடுகிறார்கள். கேஷ் புக்கைப் பார்த்தால் செங்கல், சிமெண்ட் செலவு பல ஆண்டு தள்ளித்தான் வரும்.

பழைய பேரேட்டில் ௵, ௴, ௳ என்று வந்தால் வருஷம், மாதம், நாள். ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த ௸ பொல்லாதது. பக்கத்தின் தலையில் ஒரு வித்வான் பெயர், கீழே ஏழு வரிக்கும் ௸. நடுவில் ஒரு வரியைத் தாவிவிட்டால் மிருதங்கக்காரர் சன்மானம் பாடகர் கணக்கில் ஏறிவிடும்.

யார் உண்மையில் வாசித்தார் என்பதற்கு நோட்டீஸ் சாட்சியல்ல, பணம் வாங்கியவர் கையெழுத்திட்ட வவுச்சர்தான் சாட்சி. பக்கவாத்தியம் கடைசி நேரத்தில் மாறுவது சர்வசாதாரணம். நோட்டீஸ் அச்சாகி ஊரெல்லாம் ஒட்டியாயிற்று, வயலின்காரர் வரவில்லை, உள்ளூரிலிருந்து ஒருவர் உட்கார்ந்தார் என்றால் வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்கே ஓடுவது அந்த உள்ளூர்க்காரர் கையெழுத்தாகத்தான் இருக்கும். முன்பு 20 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு அணா ஸ்டாம்ப் ஒட்டியாக வேண்டும். ஸ்டாம்பில் ராஜா தலையா, சிங்கத் தலையா என்பதும் காலத்தைக் காட்டும். பொறுப்பற்றவர்கள் ஸ்டாம்ப் சேகரிப்புக்காகக் கிழித்தெடுப்பார்கள். கூடவே கையெழுத்தில் பாதியும் போய்விடும்.

மார்கழிப்பனி

தேதி போடாத பிட் நோட்டீஸ்தான் பெரிய தலைவலி. 'வருகிற சனிக்கிழமை மாலை 6 மணிக்கு' என்று மட்டும் இருக்கும். இப்படி வடிகட்டலாம்:

டிக்கெட் விலை 'ரூ. 1-8-0' என்று மூன்று பகுதியாக இருந்தால் ஒன்றரை ரூபாய், அணாக் காலம். ஏப்ரல் 1957-க்கு முந்தியது. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் ஆகஸ்ட் 1972-க்குப் பிறகு. 'சென்னை ராஜ்யம்' என்றிருந்தால் 1969-க்கு முன். நாகப்பட்டினத்துச் சபா நோட்டீஸில் 'தஞ்சை மாவட்டம்' என்று இருந்தால் 1991-ல் மாவட்டம் பிரிவதற்கு முன்.

தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால் 60 ஆண்டுச் சுழற்சி காலை வாரும். 'ஆனந்த' என்றால் 1914-15 ஆகவும் இருக்கலாம், 1974-75 ஆகவும் இருக்கலாம். கிழமைதான் தீர்ப்புச் சொல்லும். டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை என்றால் 1914, புதன்கிழமை என்றால் 1974.

கீழ்ஸ்தாயி

துதிக்கை வைத்த பழைய லை, னை எழுத்துகளை வைத்தும் கணிக்கலாமே மேடம், 1978 சீர்திருத்தத்துக்கு முன் என்று?

மார்கழிப்பனி

கவனம் சார். அரசாணை 1978, ஆனால் ஊர் அச்சகத்தில் இருந்தது ஈய எழுத்து. புது எழுத்து வாங்கும் வரை பழையதையே கோத்தார்கள். சீர்திருத்த எழுத்து இருந்தாலும் 1978-க்குப் பிறகு என்று அடித்துச் சொல்ல முடியாது, பெரியாரின் 'விடுதலை'யும் 'குடி அரசு'ம் 1930-களிலேயே அப்படி அச்சடித்தவை. துணைச்சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பூல் டேப்

காகிதம் காத்திருக்கும், டேப் காத்திருக்காது. ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி டேப் என்றால் வினாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 32 நிமிடம், 3¾ வேகத்தில் 64 நிமிடம். மூன்று மணிக் கச்சேரிக்கு 3¾ வேகத்தில் மூன்று பக்கம் வேண்டும். ஆகவே ஒரே ஒரு சுருள் கிடைத்தால், மீதி வேறு பெட்டியில் இருக்கிறது என்று பொருள். தேடுங்கள்.

அட்டையில் எழுதியதை நம்பி வேகத்தைத் தீர்மானிக்க வேண்டாம். இரு பக்கமும் பதிந்த மோனோ டேப்பை ஸ்டீரியோ கருவியில் போட்டால் ஒரு காதில் பாட்டும் மறு காதில் தலைகீழாக ஓடும் பாட்டும் கேட்கும். டேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது சேனலைத் தனியே பிரித்துக் கணினியில் திருப்பினால் அது மறுபக்கம்.

சுருதிச் சிக்கல் வேறு. பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்தால் பதியும்போது டேப் மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், 6 சதவீத வேக வித்தியாசம் ஏறக்குறைய அரைக் கட்டை. தொடக்கத்து வர்ணத்தில் ஒரு கட்டையில் இருந்தவர் கச்சேரி முடியும் மங்களத்தில் ஒன்றரைக் கட்டைக்குப் போயிருந்தால் அது வித்வானின் குற்றமல்ல, பேட்டரியின் குற்றம். மின்சாரத்தில் பதிந்த டேப்பானால் அடியில் ஓடும் இரைச்சலைப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் 53-ல் இருந்தால் அந்த 6 சதவீதம் கணக்காக வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிடேட் டேப் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்ற சுருள்களிலிருந்து பிரித்து வைத்து, அதற்கே முதலிடம் கொடுங்கள். மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. எம்பி3 கேட்பதற்கு மட்டும். இணையத்தில் ஏற்றுமுன் கலைஞர் அல்லது வாரிசிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு.

அடிக்கட்டை

காகிதத்துக்கும் இரண்டு வரி. லாமினேஷன், செல்லோடேப் இரண்டும் கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு செருகித் தளர்த்தி எடுங்கள். 1990-களின் ஃபேக்ஸ் தாள்களை இன்றே நகல் எடுங்கள், வெப்பத்தாள் வெளுத்து வெறும் தாளாகிவிடும். ஸ்கேன் எழுத்துக்கு அங்குலத்துக்கு 300, புகைப்படத்துக்கு 600 புள்ளி. புகைப்படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

கீழ்ஸ்தாயி

கறையானை விட அதிகம் தின்றது செயலர் மாற்றம்தான். நிர்வாகக் குழுவின் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. மாறியதும் படிவம் 7-ஐப் பதிவாளருக்குக் கொடுக்கிறோம், பீரோச் சாவியை மட்டும் யாரும் கேட்பதில்லை. படிவத்தோடு ஒரு ஒப்படைப்புப் பட்டியல் போடுங்கள்: மினிட் புத்தகம் எத்தனை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ரசீதுப் புத்தகத்தின் கடைசி எண், சுருள் எத்தனை. பழைய செயலரும் புதியவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை மினிட் புத்தகத்திலேயே ஒட்டிவிடுங்கள்.