பாகுத்தரமா, பாகுப்பதமா? என்ஜின் ஆயில் டப்பாவில் இருக்கும் எண்ணுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> 'விஸ்காசிட்டி கிரேடு' என்பதற்குப் 'பாகுத்தரம்' என்று முடித்துவிடலாமா? சிறிய பெட்ரோல் கார்களுக்கான பராமரிப்புக் கையேட்டில் சேர்க்க வேண்டும்.

இப்போதே முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விஸ்காசிட்டி, அதாவது பாகுநிலை என்பது ஆயில் ஒழுகுவதற்குக் காட்டும் தடை. அதை வகைப்படுத்தி டப்பாவில் போடும் எண்தான் கிரேடு. பாகு சரி. தரம்தான் உறுத்துகிறது.

ஒரு டப்பாவில் 20, இன்னொன்றில் 40. பக்கத்தில் 'பாகுத்தரம்' என்று அச்சிட்டிருந்தால் வாசகர் எதை எடுப்பார்? தமிழில் தரம் என்றாலே உயர்வு தாழ்வு வந்துவிடும். முதல் தரம், தரம் குறைந்தது என்றுதான் பேசிப் பழகியிருக்கிறோம். அதனால் 40தான் உசத்தி என்று எடுத்து ஊற்றிவிடுவார்.

எனக்கே அது நடந்திருக்கிறது. முன்பு வைத்திருந்த சிறிய காருக்குக் கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருந்தது. பட்டறையில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது தண்ணி மாதிரி இருக்கு சார், நல்ல கெட்டி ஆயிலா ஊத்திடலாம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஊற்றியது 20டபிள்யூ-50. அதற்குப் பிறகு காலையில் வண்டியைக் கிளப்பினால், என்ஜினின் மேல்பக்கத்திலிருந்து சில நொடிகளுக்கு டக் டக் என்று ஒரு சத்தம். கெட்டியான ஆயில் மேலே ஏறிச் சேரத் தாமதமாகிறது என்பது அப்போது புரியவில்லை. அடுத்த முறை 0டபிள்யூ-20க்குத் திரும்பினேன், சத்தம் நின்றது. புதிய சிறு என்ஜின்களில் தாங்கிகளின் (பேரிங்) இடைவெளியும் ஆயில் வழிகளும் நீர்த்த ஆயிலை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும் பல கார்களில் ஆயில் அழுத்தத்தால்தான் நகர்கிறது. அங்கே கெட்டி என்பது பலம் ஆகாது.

> 'பிசுக்குமை' என்றால் கேட்டதும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்று புரியும். பிசுக்கு என்பது ஒட்டுதல். இங்கே பேசுவது ஒழுக்குக்கு எதிரான தடையை, பாய்மத்துக்குள்ளேயே அடுக்குக்கு அடுக்கு நடக்கும் உராய்வை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஆயிலைத் தேய்த்துவிட்டு "பிசுபிசுப்பு போச்சு" என்று தீர்ப்புச் சொல்கிறார்களே, அதற்கு இந்தச் சொல் துணைபோய்விடும். விரல் நுனியின் சூட்டில் தெரிவதை வைத்து 100 டிகிரி செல்சியஸில் அந்த ஆயில் எப்படி ஓடும் என்று சொல்ல முடியாது.

கனம், அடர்த்தி இரண்டும் வேண்டவே வேண்டாம். என்ஜின் ஆயில் தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் தண்ணீரைவிட மெதுவாக ஒழுகுகிறது. பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்று மடங்குக்கும் மேல் கனம், ஆனாலும் சரசரவென்று ஓடிவிடும். அடர்த்தி வேறு, பாகுநிலை வேறு.

'பாகெண்' என்ற யோசனையையும் பார்த்தேன். சுருக்கமாக அழகாக இருக்கிறது. ஆனால் எண் என்றால் அளந்து வந்த அளவு என்று ஆகிவிடும். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே300 வரையறையில் 30 என்பது ஓர் அளவு அல்ல, ஒரு பட்டையின் பெயர். 100 டிகிரியில் 9.3 சென்டிஸ்டோக் (பாகுநிலையை அளக்கும் அலகு) முதல் 12.5-க்குள் எது இருந்தாலும் 30. அதற்குக் கீழே 6.9 வரை 20, மேலே 16.3-க்குள் 40. 40 என்பது 20-இன் இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டால் பிழை. 'பாகுப்படி' என்றாலோ, இருபது படி எண்ணெயா என்ற கேள்வி வரும்.

என் பரிந்துரை: பாகுப்பதம். வழக்கில் வெறும் 'பதம்'.

பாகு காய்ச்சுகிறவர் விரலிடுக்கில் இழுத்துப் பார்த்துச் சொல்வது பதம். உழுவதற்கு மண் பதமாக இருக்கிறதா என்கிறோம். இரும்பைப் பதமாகக் காய்ச்சுகிறோம். இவை எதிலும் கூடுதல் பதம் நல்லது, குறைந்த பதம் கெட்டது என்ற எண்ணமே கிடையாது. அந்தந்த வேலைக்கு அந்தந்தப் பதம். ஆயில் தேர்வில் நாம் சொல்லவேண்டியதும் இதையேதான். பதம் என்றால் சொல் என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஈரப்பதம் என்னும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தரம் என்ற சொல் மிச்சப்படுகிறது, அதற்கு உரிய இடம் அதே டப்பாவிலேயே இருக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. குறிக்கும் எஸ்.என்., எஸ்.பி. போன்ற வகைகளைத்தான் தரம் என்று சொல்லவேண்டும், வேண்டுமானால் 'பணித்தரம்'. அங்கே வரிசை உண்மையிலேயே ஏறுவரிசை. 2010-இல் வந்த எஸ்.என்.-ஐவிட 2020-இல் வந்த எஸ்.பி. கடினமான சோதனைகளைத் தாண்டியது. டர்போ பொருத்திய சிறு என்ஜின்களில் குறைந்த வேகத்தில் நேரும் முன்னெரிவுக்கும், டைமிங் செயின் தேய்மானத்துக்கும் அதில் சோதனை உண்டு. எஸ்.என். கேட்கும் காருக்கு எஸ்.பி. ஊற்றலாம். ஆனால் 20 கேட்கும் காருக்கு 40 ஊற்றுவது மேம்பாடு ஆகாது. பதமும் தரமும் வெவ்வேறு சொல்லாக நின்றால் இந்த வேறுபாட்டைக் கையேட்டில் தனியே விளக்கவேண்டிய தேவையே பாதி குறையும்.

அடுத்தது 'மல்டிகிரேடு', அதாவது 5டபிள்யூ-30 போல இரண்டு எண்கள் போட்ட ஆயில். 'பலபதம்' என்றால் பல பதங்களுக்கும் பொருந்தும் ஆயில் என்று நினைப்பார்கள். உண்மையில் இருப்பவை இரண்டே வரம்புகள். 'இருபதம்' என்று எழுதிப் பார்த்தேன், 'இருபத எண்ணெய்' என்று சேரும்போது இருபது போலக் கண்ணில் படுகிறது. ஆகவே 'இரட்டைப்பத எண்ணெய்'. டபிள்யூ (வின்டர், குளிர்காலம்) ஒட்டிய எண் குளிர்ப்பதம், மற்றது சூட்டுப்பதம். 5டபிள்யூ-30 என்றால் குளிர்ப்பதம் 5, சூட்டுப்பதம் 30. டபிள்யூவை மட்டும் தமிழாக்க வேண்டாம், டப்பாவில் இருப்பதும் கையேட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் வாசகர் ஒப்பிட்டு வாங்க முடியும்.

இந்த இரண்டு சொல்லுக்கும் விளக்கம் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிரில் 5 ஆக இருக்கும் ஆயில் சூட்டில் 30 ஆகக் கெட்டிப்படுகிறது என்று பலர் நம்புகிறார்கள். எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். 0டபிள்யூ-20 ஆயில் 40 டிகிரியில் ஏறக்குறைய 45 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் 8 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ப்பதம் வேறு சோதனை, வேறு அளவுகோல்: 5டபிள்யூ என்றால் உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் என்ஜினைச் சுழற்றும் அளவுக்கு இளக்கம் இருக்கவேண்டும், 0டபிள்யூ என்றால் கீழே 35-இல். இரண்டு எண்களையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

ஆகவே கையேட்டு வரி இப்படி அமையலாம்:

"கார் நிறுவனம் குறிப்பிட்ட பதத்தையே ஊற்றுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பதங்களை அனுமதித்திருந்தால், உங்கள் இடத்தின் குளிருக்கு ஏற்பக் குளிர்ப்பதத்தைத் தேர்ந்தெடுங்கள். தரம் கேட்டதற்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கட்டும்."

கடைசியாக, எனக்கு இன்னும் முழு நிறைவு தராத ஒன்று: 'விஸ்காசிட்டி இண்டெக்ஸ் இம்ப்ரூவர்'. குளிரில் சுருண்டு கிடந்து, சூடேறும்போது விரிந்து, ஆயில் அளவுக்கு மீறி இளகாமல் பிடித்துக்கொள்ளும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இவை. 'பாகுநிலைக் குறியீட்டு மேம்படுத்தி' என்று நேராக மொழிபெயர்த்தால் அது செய்யும் வேலை தெரிவதில்லை. 'பதங்காப்பி' என்று வைத்திருக்கிறேன். அழுத்திப் பிசையப்படும்போது இந்தச் சங்கிலிகள் நாளடைவில் அறுந்து ஆயில் நீர்த்துப்போகும், அதைப் 'பதமிழப்பு' என்றும் சொல்லலாம். 'பதங்காப்பான்' நன்றாக இருக்குமா, 'பதங்காப்பி' போதுமா? வேதியியல் சொற்களில் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.